பாட்டரி டவுன் மண் குடில்: எந்தக் கோணலை ஏற்கலாம், எந்த விரிசலை ஏற்கக்கூடாது

பெங்களூரு பாட்டரி டவுனில் ஒரு குயவர் பட்டறையில் செய்த, இயேசு பிறந்த காட்சியைக் காட்டும் கிறிஸ்துமஸ் குடில் செட் பற்றிய மதிப்புரை இது. மொத்தம் 12 உருவங்கள்: குழந்தை இயேசு, மாதா, சூசையப்பர் (யோசேப்பு), மூவரசர்கள், இரண்டு இடையர்கள், ஒரு சம்மனசு (வானதூதர்), மாடு, கழுதை, ஓர் ஆடு. நிற்கும் சூசையப்பரின் உயரம் 9 அங்குலம். வண்ணம் பூசாத சுட்ட மண்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வீட்டுக் குடிலுக்கு இந்த ஊரில் கிடைப்பவற்றில் இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் அட்டைப்பெட்டியோடு வாங்கிக்கொண்டு கிளம்பிவிடும் பொருள் அல்ல இது. ஒவ்வோர் உருவத்தையும் கையில் எடுத்துப் பார்த்து, தட்டிப் பார்த்து, சிலவற்றை ஒதுக்கி, சிலவற்றை அவற்றின் கோணலுக்காகவே விரும்பி எடுக்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் மண் அறிவு தேவைப்படுகிறது.

டிசம்பர் பிறந்ததும் சிவாஜிநகரில் ரசல் மார்க்கெட்டைச் சுற்றியும், எதிரே புனித மரியன்னை பேராலயத்தை ஒட்டியும் குடில் கடைகள் முளைத்துவிடும். அங்கே கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை. முதலாவது பி.ஓ.பி. (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) பொம்மை. லேசானது, மலிவானது. ஓரம் தட்டினால் வெள்ளை வெளேரென்று உள்மாவு தெரியும். ஈரத்தை உறிஞ்சி இளகும், ஆகவே குடிலில் பசும்புல் வளர்க்கும் ஈரமண்மேல் ஒரு வாரம் நின்றாலே கால் பகுதி பொருபொருவென்று உதிரும். இரண்டாவது ரெசின். ரப்பர் அச்சில் ஊற்றி எடுப்பதால் விரல் நகம்வரை நுணுக்கமாக இருக்கும், கனமாகவும் இருக்கும், ஈரத்துக்கு அசையாது. மூன்றாவது ஃபைபர், கோயில் குடிலுக்கான 2 அடி, 3 அடி உருவங்கள். வீட்டுக்கு அது வேண்டாம்.

நீடித்து உழைப்பது, உறுதி என்று மட்டும் பார்த்தால் ரெசினே வெல்லும். அதை ஒளிக்கத் தேவையில்லை. சிக்கல் அதன் முகத்தில் இருக்கிறது. ஒரே அச்சில் பிறந்த நூறு மாதாவுக்கும் ஒரே புன்னகை, ஒரே இளஞ்சிவப்புக் கன்னம். மூவரசர்களில் இருவரைத் தாடி நிறத்தை வைத்துத்தான் பிரித்தறிய முடிகிறது. இடையனுக்கும் அரசனுக்கும் ஒரே மூக்கு. பெத்லகேமில் அந்தக் குழந்தையைச் சுற்றிக் கூடியவர்கள் ஒரே அச்சில் வார்த்தவர்கள் இல்லை. இரவெல்லாம் வயல்வெளியில் கிடந்த ஆட்டிடையர்கள், பிரசவம் முடிந்து களைத்த ஓர் இளம்பெண், சந்தேகம் தீர்ந்தும் தீராத ஒரு தச்சர், கிழக்கிலிருந்து வந்த அந்நியர்கள். இத்தனை வேறுபட்டவர்களை ஒரே முகமாக்கிவிட்டால் அந்தக் காட்சி சொல்ல வந்ததே நழுவிவிடுகிறது.

இனி பட்டறைக்கு வருவோம். பாட்டரி டவுன் பென்சன் டவுனை ஒட்டியது. கன்டோன்மென்ட் ரயில் நிலையத்திலிருந்து ஆட்டோவில் சில நிமிடம். விநாயகர் சிலை, கொலு பொம்மை, தீபாவளி அகல் என்று வருடம் முழுக்க வேலை நடக்கும் இடம். குடில் உருவங்கள் இந்த வரிசையில் கடைசியாக வருபவை, அந்த நேரக்கணக்கு வாங்குபவருக்கு முக்கியம். அதைப் பிறகு சொல்கிறோம்.

இந்தச் செட்டில் உடல்கள் மட்டும் அச்சு. முன்பாதி, பின்பாதி என்று இரண்டு அச்சில் மண்ணை விரலால் அழுத்தி எடுத்து, ஓரங்களைக் கீறி, கூழ்மண் தடவி ஒட்டுகிறார்கள். உள்ளே கூடு. அடியில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. முகம், கை, துணி மடிப்பு, தலைப்பாகை எல்லாம் பிறகு கைவேலை. மூக்கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிள்ளி எழுப்புகின்றன. கண் ஒரு மூங்கில் சீவலின் இரண்டு கீறல். ஆட்டுக்கு அச்சே கிடையாது, முழுக்கக் கையால் பிடித்தது. அதனால்தான் ஒரே அச்சில் வந்த இரண்டு இடையர்களில் ஒருவர் தலையைச் சாய்த்து எதையோ கேட்கிறார், மற்றவர் நேராகப் பார்த்து நிற்கிறார். சூசையப்பரின் இடத்தோள் வலத்தோளைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கிறது. நாளெல்லாம் ஒரே தோளில் மரம் சுமந்தவரின் தோள் அப்படித்தான் இருக்கும் என்று பார்க்கும்போது தோன்றுகிறது. குயவர் அதை நினைத்துச் செய்தாரா, மண் தானாகச் சரிந்ததா என்பது அவருக்கும் மண்ணுக்கும் நடுவில் உள்ள விஷயம்.

தேர்ந்தெடுக்கும்போது பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். கோணல் மூக்கைப் பார்த்து ஒதுக்கிவிட்டு, அழகான முகத்தோடு அடியில் விரிசல் விட்டதை எடுத்துப் போகிறார்கள். மண் வேலையில் குறை வேறு, பழுது வேறு. குறை பொருளோடு காலமெல்லாம் கூடவே இருக்கும், ஒரு கெடுதலும் செய்யாது. பழுது வளரும்.

கவலைப்படாமல் ஏற்க வேண்டியவை இவை. விறகுச் சூளையில் சுடும்போது புகை அடைத்த பக்கம் கருத்துவிடும், காற்று நன்றாகப் போன பக்கம் செங்கல் சிவப்பாகும். மண்ணில் உள்ள இரும்புக்குக் காற்று கிடைத்ததா, புகைக்கரி மண்ணில் ஏறியதா என்பதுதான் இந்த நிற வேறுபாடு. எந்த பலவீனமும் அதில் இல்லை. இந்தச் செட்டில் ஓர் அரசரின் முதுகு முழுக்கக் கருப்பு, மாட்டின் ஒரு கொம்பு மட்டும் கருப்பு. விரல் ரேகைகள், முதுகில் அச்சு சேர்ந்த கோடு, ஒரு காது பெரிது ஒரு காது சிறிது, இவையும் அப்படியே. மேடையில் வைத்தால் சற்றே ஆடும் உருவத்தைக்கூட வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. உப்புத்தாளைத் தரையில் விரித்து அடியை நாலு தேய் தேய்த்தால் நிமிர்ந்துவிடும்.

உயர வேறுபாட்டுக்குக் காரணம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதைப் பார்த்ததும் ஏமாற்றுகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஈரமண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும். பத்தில் ஒரு பங்குவரை சுருங்குவது சாதாரணம். ஈரத்தில் 10 அங்குலம் செய்தால் சூளையிலிருந்து 9 அங்குலமாக வரும். அந்த வாரம் வந்த லாரி மண்ணில் மணல் கொஞ்சம் கூடினால் சுருக்கம் குறையும், களி கூடினால் சுருக்கம் கூடும். ஆகவே இரண்டு வேறு சூளையில் வெந்த இரண்டு அரசர்கள் ஒரே அச்சில் பிறந்திருந்தாலும் கால் அங்குலம் ஏற இறங்க நிற்பார்கள். மனிதர்களும் அப்படித்தானே நிற்கிறோம்.

இனி ஒதுக்க வேண்டியவை. முதல் சோதனை ஒலி. உருவத்தை இடக்கையில் தளர்வாகப் பிடித்து, வலக்கை விரல் மூட்டால் மார்பிலும் அடியிலும் தட்டுங்கள். ணங்கென்று வந்தால் நன்றாக வெந்திருக்கிறது, உள்ளே விரிசல் இல்லை. தொப்பென்று அடங்கினால் இரண்டில் ஒன்று. கண்ணுக்குத் தெரியாத விரிசல், அல்லது வேகாத மண். வேகாததைக் கண்டுபிடிக்க, அடி ஓட்டையின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால் வேண்டாம். களிமண் கல்லாக மாறுவது சுமார் 600 டிகிரியைத் தாண்டிய பிறகுதான். அதற்குக் கீழே நின்றுபோனது வெளிப்பார்வைக்குச் சுட்ட மண் போலவே இருக்கும், ஓரிரவு தண்ணீரில் கிடந்தால் சேறாகிவிடும்.

விரிசலில் இரண்டு வகை உண்டு. தோலில் மட்டும் மயிரிழை போல வலைவலையாக ஓடுவது காயும்போது வெயில் பட்டதால் வந்தது, அது நகராது. ஓட்டையின் ஓரத்தில் தொடங்கி மேலே ஏறும் ஒற்றைக்கோடு ஆபத்தானது. பென்சிலால் அதன் நுனியில் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்த வருடம் பார்த்தால் கோடு புள்ளியைத் தாண்டிப் போயிருக்கும். கழுத்து, மணிக்கட்டு, ஆட்டின் கால், சம்மனசின் சிறகு ஒட்டிய இடம் என்ற இந்த நாலு மூட்டுகளையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மூட்டின் இரு பக்கமும் ஒரே ஈரத்தில் இல்லாதபோது ஒட்டினால், ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் சுருங்கி, ஒட்டு விட்டுப்போகும். இந்தச் செட்டில் முதலில் கொடுத்த சம்மனசுக்கு இடச் சிறகில் அப்படி ஒரு கோடு இருந்தது. சொன்னதும் மறுபேச்சில்லாமல் மாற்றித் தந்தார்கள்.

கடைசியாகச் சுண்ணாம்புப் புள்ளி. கடுகளவு வெள்ளைப் புள்ளிகள் எங்காவது தெரிகின்றனவா என்று பாருங்கள். மண்ணில் சுண்ணாம்புக் கல் துணுக்கு கலந்திருந்தால் சூளையில் அது சுட்ட சுண்ணாம்பாகிவிடும். பிறகு காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்து வீங்கி, சில வாரம் கழித்து மேல்மண்ணைச் சில்லாகத் தள்ளிவிடும். முதுகில் ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை. முகத்தில் ஒன்று இருந்தாலும் எடுக்காதீர்கள்.

சில உருவங்கள் சூளையிலேயே வெடிக்கும். சுவர் ஒரு விரல் பருமனுக்கு மேல் போனாலோ, உள்ளே ஈரம் மிச்சமிருந்தாலோ, நீர் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் உடைத்துக்கொண்டு போகும். அடி ஓட்டை அதற்காகத்தான். அதை அழகுக்காக அடைத்துத் தரும்படி கேட்கிறவர்கள் உண்டு, கேட்காதீர்கள். வெடித்த துண்டுகள் சூளையோரம் குவிந்து கிடப்பதைப் பார்க்கலாம். ஆனால் சுடுவதற்கு முன் கெட்டுப்போன உருவம் அந்தக் குவியலுக்குப் போவதில்லை. காய்ந்த பச்சைமண்ணைத் தொட்டித் தண்ணீரில் போட்டால் சில மணி நேரத்தில் கரைந்து பழையபடி களியாகிவிடும், பிறகு வேறோர் உருவமாக எழும்பும்.

விவிலியத்தில் எரேமியா நூலின் 18, 19 அதிகாரங்களை இந்த இடத்தில் நின்று வாசித்தால் அவை வேறுவிதமாகத் திறக்கின்றன. 18இல் இறைவாக்கினர் குயவன் வீட்டுக்குப் போகிறார். சக்கரத்தில் இருக்கும் கலம் குயவனின் கையிலேயே கெட்டுப்போகிறது. அவன் அதை எறியவில்லை, அதே மண்ணை மறுபடி வேறு கலமாக வனைகிறான். 19இல் அவர் சுட்ட கலயம் ஒன்றை வாங்கிக்கொண்டு போய் மக்கள் கண்முன் உடைக்கிறார், அதை மறுபடி ஒட்டவைக்க முடியாது என்கிறார். ஒன்று ஈரமண், மற்றது சுட்ட மண். எரேமியாவுக்கு இந்தத் தொழில் வேறுபாடு நன்றாகத் தெரிந்திருக்கிறது. இளகும் நிலையில் உள்ள வரை எந்தக் கேடும் கடைசிக் கேடு இல்லை, இறுகிப்போனதுதான் உடைகிறது. தொடக்கநூல் 2ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் மண்ணிலிருந்து மனிதனை உருவாக்கினார் என்று வரும் எபிரேய வினைச்சொல்லும், எரேமியாவில் குயவனைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. முதல் பக்கத்திலேயே கடவுளுக்குக் குயவர் வேலை கொடுத்துவிட்டது விவிலியம்.

சுட்டு உடைந்த துண்டுகளுக்கும் மண் தொழிலில் ஒரு வழி உண்டு. அவற்றை இடித்து, சலித்து, புது மண்ணோடு கலக்கிற குயவர்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே வெந்த துகள் இனிச் சுருங்காது, அதனால் புதுக்கலம் காயும்போது விரிசல் விடுவது குறையும். உடைந்தது சேர்ந்தால் உருவம் உறுதியாகிறது. புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில், தங்களுக்குக் கிடைத்த செல்வத்தை மண்பாண்டத்தில் வைத்திருப்பதாகச் சொல்கிறாரே, அதை மண்ணின் பலவீனம் பற்றிய பேச்சாக மட்டும் வாசிப்பது வழக்கம். மண் எப்படியெல்லாம் திரும்பி எழுகிறது என்பதையும் சேர்த்து வாசிக்கலாம்.

வண்ணம் பற்றி எங்கள் கருத்து உறுதியானது: பூசாமல் வாங்குங்கள். வண்ணம் பூசிய செட்டும் அதே பட்டறையில் கிடைக்கிறது. அதில் எல்லோருக்கும் இளஞ்சிவப்புத் தோல், மாதாவுக்கு நீலக் கண்கூட உண்டு. கேட்கிறவர்கள் அப்படித்தான் கேட்கிறார்கள் என்கிறார்கள், அது உண்மையும்கூட. சாமி சிவப்பாகத்தான் இருக்கவேண்டும் என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழமாக வேரோடியிருக்கிறது. கருப்பாகப் பிறந்த பிள்ளை அந்தக் குடிலின் முன் மண்டியிடும்போது என்ன கற்றுக்கொள்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை. பூசாத சுட்ட மண்ணின் நிறம் நம் தோலின் நிறம். சிவாஜிநகர் பேராலயத்தில் மாதாவுக்குச் சேலை உடுத்தி வணங்கும் ஊர் இது. செப்டம்பர் 8 திருவிழாவுக்கு வரும் கூட்டத்தில் யாருக்கும் அந்தச் சேலை அந்நியமாகப் படுவதில்லை. குடிலிலும் மாதா நம்மூர்ப் பெண்ணாக இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

தொழில் காரணமும் உண்டு. சுட்ட மண் நுண்துளை நிறைந்தது, அடிவழியே ஈரத்தை இழுக்கும். மேலே எனாமல் பெயின்ட் பூசி அடைத்துவிட்டால் அந்த ஈரம் வெளியேற வழி தேடி, பெயின்டைக் கொப்புளமாகத் தூக்கி உரித்துவிடும். நிறம் வேண்டும் என்றே இருந்தால் அக்ரிலிக் கேளுங்கள், அதையும் துணிக்கும் கிரீடத்துக்கும் மட்டும். முகத்துக்குக் காவி ஒரு பூச்சு போதும், அதுகூட உருவம் முழுக்கக் காய்ந்த பிறகு.

அடுத்து, செட்டில் யார் யார் என்ற கேள்வி. 12 உருவங்களோடு நிறுத்த வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை. குடிலில் நாம் வழக்கமாக வைப்பதில் பல நற்செய்தியில் நேரடியாக இல்லாதவை. லூக்காவில் தீவனத் தொட்டி இருக்கிறது, மாடும் கழுதையும் இல்லை. அவை பழைய ஏற்பாட்டின் எசாயா 1:3இலிருந்து வந்து சேர்ந்தவை. மத்தேயு ஞானிகள் எத்தனை பேர் என்று சொல்லவில்லை, காணிக்கை மூன்று என்பதால் மூவரானார்கள். இத்தாலியில் கிரேச்சியோ என்ற ஊரில் 1223 கிறிஸ்துமஸ் இரவில் அசிசி பிரான்சிஸ் அமைத்த குடிலில் வைக்கோல் நிரப்பிய தொட்டியும், உயிருள்ள மாடும் கழுதையும், சுற்றிலும் அவ்வூர் மக்களும்தான் இருந்தார்கள். பிரான்சில் ப்ரோவான்ஸ் பகுதியில் சாந்தோன் என்று சிறு மண் உருவங்கள் உண்டு, ‘குட்டிப் புனிதர்’ என்று பொருள். பிரெஞ்சுப் புரட்சியின்போது கோயில்கள் மூடப்பட்ட காலத்துக்குப் பிறகு வீட்டுக் குடில்களில் இவை பெருகின. ரொட்டி சுடுபவர், மீன்காரி, சாணை பிடிப்பவர், பார்வையற்ற முதியவர் என்று ஊரே அதில் இருக்கும். ஒவ்வொருவரும் அவரவர் கையில் உள்ளதைக் கொண்டு வருவார்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பர் 1 அன்று கிரேச்சியோவில் கையெழுத்திட்ட திருமடலிலும், நற்செய்தியில் இல்லாத இப்படிப்பட்ட எளிய மனிதர்களைக் குடிலில் சேர்ப்பதை மனதார வரவேற்றிருக்கிறார்.

அந்தப் பட்டறையில் தனி உருவம் கேட்டால் செய்து தருகிறார்கள். இந்தச் சேவைதான் இந்த மதிப்புரையில் முழு மதிப்பெண் பெறுவது. பூக்கூடைக்காரி, இளநீர் வெட்டுபவர், காக்கிச் சட்டை ஆட்டோ ஓட்டுநர், துடைப்பத்தோடு நிற்கும் பௌரகார்மிகப் பெண் (மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர்) என்று பெங்களூருவின் முகங்கள் எதையும் கேட்கலாம். வீட்டில் சக்கர நாற்காலியில் இருப்பவர், ஊன்றுகோல் பிடிப்பவர், தலைமுடி கொட்டிய நோயாளி, எப்போதும் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளை என யார் இருந்தாலும், அவர்களும் தொட்டிலருகே நிற்கலாம். குடிலில் தன்னைப் போன்ற ஓர் உருவம் இருப்பது அவர்களுக்கு எத்தனை பெரிய விஷயம் என்பதை நல்ல உடலோடு இருப்பவர்கள் எளிதில் உணர்வதில்லை. இயேசுவின் வம்சவரிசையில் மத்தேயு, அந்நியர் என்றோ பழிக்கு ஆளானவர் என்றோ ஊர் ஒதுக்கக்கூடிய தாமாரையும் இராகாபையும் ரூத்தையும் உரியாவின் மனைவியையும் எழுதிவைத்தார். ஒதுக்கியிருக்கலாம், ஒதுக்கவில்லை.

ஆர்டர் கொடுக்கும்போது நினைவில் வைக்க வேண்டியது, மெல்லிய பாகங்களை மண் தாங்காது என்பது. சக்கர நாற்காலிக்கு ஆரக்கால் கேட்டால் காயும்போதே ஒடியும், சக்கரத்தைக் கெட்டி வட்டமாகச் செய்து கோடு மட்டும் கீறச் சொல்லுங்கள். ஊன்றுகோலை உடலோடு ஒட்டியபடி செய்ய வேண்டும், அல்லது கையில் ஓட்டை விட்டுச் சுட்டபின் மூங்கில் குச்சி செருக வேண்டும். ஓட்டை குச்சியைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும், சுடும்போது அதுவும் சுருங்கும். நீட்டிய கை வேண்டாம், மார்போடு சேர்ந்த கை நிலைக்கும். முன்பக்கப் படம் ஒன்று, பக்கவாட்டுப் படம் ஒன்று என்று இரண்டு காட்டுங்கள். முகச்சாயல் அப்படியே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். நிற்கும் விதம், தோளின் சரிவு, தலை சாய்ப்பு ஆகியவை அச்சு அசலாக வரும், ஆளை அடையாளம் காண அதுவே போதும். உங்கள் செட்டில் உள்ள சூசையப்பரையும் கையோடு கொண்டுபோய் உயரத்துக்கு அளவு காட்டுங்கள்.

இனி நேரக்கணக்கு. தீபாவளி அகல் வேலை முடிந்த வாரம்தான் குடிலுக்கு ஆர்டர் கொடுக்கச் சரியான வாரம். நவம்பரில் பெங்களூருவில் மழை விட்டுவிட்டுப் பெய்யும், 9 அங்குல உருவம் நிழலில் முழுக்கக் காய இரண்டு வாரம்கூட ஆகும். டிசம்பர் 10க்கு மேல் போய்த் தனி உருவம் கேட்டால் அரைகுறை ஈரத்தில் சூளையேற்ற வேண்டிவரும், வெடிக்கும். அவசரப்படுத்தி வாங்கியவர்கள் பிறகு குயவரைக் குறை சொல்வது நியாயமில்லை. சீக்கிரம் வாங்குவதில் இன்னொரு நன்மையும் உண்டு. சுண்ணாம்புப் புள்ளி எதுவும் இருந்தால் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலம் முடிவதற்குள் தெரிந்துவிடும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பேக்கிங் மோசம். பழைய செய்தித்தாளில் சுற்றி வைக்கோல் திணித்துத் தருகிறார்கள், பூசாத மண்ணில் அச்சு மை ஒட்டிக்கொள்கிறது. பழைய பருத்தித் துணியும் கெட்டியான அட்டைப்பெட்டியும் நீங்களே கொண்டுபோங்கள். எழுத்தில் ரசீது இல்லை, ஆகவே உருவங்களின் எண்ணிக்கையையும் தேதியையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது. சம்மனசைத் தொங்கவிட முதுகில் வைத்த கம்பி வளையம் மெலிந்தது. அதை நம்பாமல் இடுப்பைச் சுற்றி மீன்பிடி நரம்பு கட்டித் தொங்கவிடுங்கள். கழுதையும் மாடும் காதைத் தவிர ஒரே மாதிரி இருக்கின்றன. இது ஏற்கக்கூடிய கோணல் வகையில் சேராது. அடுத்த தடவை கழுதைக்குப் பிடரி கேளுங்கள். விலை உயரத்தைப் பொறுத்து ஏறும். 6 அங்குலத்திலிருந்து 9 அங்குலம் போனால் ஒன்றரை மடங்கு என்று நினைக்கக்கூடாது. மண் இரண்டு மடங்குக்கு மேல் போகும், சூளையில் இடம் மூன்று மடங்குக்கு மேல் பிடிக்கும். அதைப் புரிந்துகொண்டு பேரம் பேசுங்கள்.

குடிலை அமைக்கும்போது மண் உருவத்துக்கு ஒரே எதிரி ஈரம். பசும்புல்லுக்கு இங்கே ராகி விதைப்பது வழக்கம். ஓரிரவு ஊறவைத்து, டிசம்பர் 12 வாக்கில் தூவினால் 24ஆம் தேதிக்குப் பசேலென்று நிற்கும். அந்த ஈரமண்மேல் உருவத்தை நேரடியாக வைத்தால் அடியிலிருந்து தண்ணீர் ஏறி, உப்பு வெள்ளையாகப் பூக்கும். ஒவ்வோர் உருவத்துக்கும் கீழே ஓட்டுச் சில்லோ பிளாஸ்டிக் மூடியோ வைத்து, மேலே ராகிப் பயிரைச் சாய்த்து மறைத்துவிடலாம். உப்பு பூத்துவிட்டால் கழுவாதீர்கள். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், தண்ணீர் பட்டால் மறுபடி பூக்கும்.

கை ஒடிந்தால் தூக்கிப் போடவேண்டாம். துண்டு இருந்தால் அரால்டைட் பசையால் ஒட்டுங்கள். துண்டு நொறுங்கிவிட்டால் எம்-சீல் என்ற அடைப்புப் பசையின் இரண்டு பகுதியையும் சம அளவில் பிசைந்து, நிறம் ஒன்றாகும்வரை உருட்டி, கையைப் பிடித்து உருவாக்கலாம். இறுகுவதற்குள் மேலே செங்கல் பொடியைத் தூவி அழுத்தினால் நிறம் ஓரளவு சேரும். முழுக்கச் சேராது, ஒட்டிய கோடு தெரியும். தெரியட்டும். உயிர்த்த இயேசு தம் சீடர் தோமாவுக்குக் காட்டிய கைகளிலும் தழும்பு இருந்தது. ஒட்டிய உருவத்தைப் பின்வரிசைக்குத் தள்ளுகிற பழக்கத்தையும் விட்டுவிடலாம். தொட்டிலுக்கு அருகில் கூட்ட நெரிசல் குறைவு, கீழே விழும் வாய்ப்பும் குறைவு.

குழந்தை இயேசுவை மட்டும் இரண்டாக வாங்குங்கள். 3 அங்குல உருவம், 24 நள்ளிரவில் பல கைகள் மாறும், முத்தமிடக் கொடுப்பார்கள், முதலில் உடைவது அதுதான். இரண்டும் ஒன்று போல் இருக்காது. இந்தச் செட்டுக்காக வாங்கிய இரண்டில் ஒன்று கண்ணை மூடித் தூங்குகிறது, மற்றது வாயைத் திறந்து அழுகிறது. அழுகிற குழந்தையைக் குடிலில் வைக்கப் பலர் தயங்குவார்கள் என்று குயவர் அதைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தார். கேட்டால்தான் எடுத்துத் தருவார், ஆகவே கேளுங்கள்.

ஜனவரி தொடக்கத்தில் வரும் மூவரசர் திருநாள் முடிந்து எடுத்துவைக்கும்போது ஒரு நாள் முழுக்க நிழலில் உலர்த்திவிட்டு, கனமான மாட்டையும் கழுதையையும் பெட்டியின் அடியிலும், சம்மனசைச் சிறகு மேலே இருக்கும்படி கடைசியாகவும் வையுங்கள். பெட்டியின் மூடியில் உருவங்களின் எண்ணிக்கையை எழுதி ஒட்டுங்கள். அடுத்த தீபாவளி முடிந்து பட்டறைக்குப் போகும்போது, இன்னும் யாரைச் சேர்க்க வேண்டும் என்று முடிவு செய்ய அது உதவும்.